வரைபடம் முடிவாகும் முன்னே: நகரமைப்பில் இளையோர் பற்றி வாசகர் கேள்விகள்

சாலை, பூங்கா, பேருந்து நிலையம், குடியிருப்பு ஆகியவற்றைத் திட்டமிடும்போது சிறுவர்களையும் இளையோரையும் எவ்வாறு ஈடுபடுத்துவது என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தார்கள். சென்னைப் பெருநகருக்கு உருவாகும் மூன்றாவது முழுமைத் திட்டம் 2026 முதல் 2046 வரையிலான காலத்தைக் கணக்கில் கொண்டது. இன்று பத்தாம் வகுப்பில் படிப்பவர் முப்பத்தைந்து வயதை எட்டும் வரைக்கும் எந்த நிலத்தில் என்ன வரலாம் என்பதை அந்த வரைபடம் தீர்மானிக்கப் போகிறது. ஆகவே இந்தக் கேள்விகளைப் பொழுதுபோக்காக எண்ணாமல், உரிமை பற்றிய கேள்விகளாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

*

கேள்வி: எங்கள் நகராட்சி ‘என் கனவு நகரம்’ என்ற தலைப்பில் பள்ளி மாணவர்களுக்கு ஓவியப் போட்டி நடத்தியது. பரிசளிப்பு விழாவில், நகரத் திட்டமிடலில் மாணவர்களும் பங்கேற்றுவிட்டதாக அறிவித்தார்கள். இதைப் பங்கேற்பு என்று கொள்ளலாமா?
– தலைமையாசிரியை, ஈரோடு மாவட்டம்

பதில்: கொள்ள முடியாது. போட்டி நடத்தியதில் தவறில்லை. ஆனால் அந்த ஓவியங்களால் நகராட்சியின் எந்த முடிவாவது மாறக்கூடும் என்ற நிலை இருந்ததா என்பதுதான் கேட்கப்பட வேண்டியது.

ரோஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992-இல் யுனிசெப் நிறுவனத்துக்காக எழுதிய ஆய்வுரையில், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். பெரியவர்கள் தங்கள் நோக்கத்துக்காகக் குழந்தைகளைப் பயன்படுத்துவது, மேடையில் அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவுக்கு ஒரு கருத்தைக் கேட்டுக்கொள்வது ஆகிய கீழ்ப்படிகள் மூன்றும் பங்கேற்பே ஆகாது என்று அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எதற்காகக் கேட்கிறார்கள், யார் கேட்கிறார்கள், சொன்னதை என்ன செய்யப் போகிறார்கள் என்பதெல்லாம் குழந்தைக்குத் தெரிந்திருக்கும் நான்காம் படியிலிருந்துதான் பங்கேற்பு தொடங்குகிறது. எல்லா வேலையும் உச்சிப்படியில்தான் நடக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. குழந்தைகள் விரும்பினால் ஏறிச்செல்ல வழி இருக்க வேண்டும் என்பதே அவருடைய கருத்து.

தாங்கள் விவரிக்கும் போட்டி அந்தக் கீழ்ப்படிகளில் நிற்கிறது. அதற்கு அதன் தலைப்பும் ஒரு காரணம். ‘கனவு நகரம்’ என்று சொன்னவுடன் மாணவர்கள் வானுயர்ந்த கட்டடங்களையும், சாலையின் இருபுறமும் வரிசையாக மரங்களையும், மேலே பறக்கும் ரயிலையும் வரைகிறார்கள். நடுவருக்கு எது பிடிக்கும் என்று அவர்கள் ஊகித்த படங்கள் அவை. அவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி எதுவும் அவற்றில் இராது.

அதே தாளையும் வண்ணப் பென்சிலையும் கொடுத்து, ‘உன் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை வரும் வழியை வரை, எங்கே ஓடுவாய், எங்கே நிற்பாய், எங்கே பயப்படுவாய் என்று குறி’ என்று சொல்லிப் பாருங்கள். சாக்கடை மூடி உடைந்து கிடக்கும் இடம், வேலியில்லாத மின்மாற்றி, மதுக்கடையைத் தவிர்ப்பதற்காகப் பெண்பிள்ளைகள் சுற்றிப்போகும் சந்து, மழை பெய்தால் ஒதுங்கி நிற்க இடம் தரும் வீட்டுத் திண்ணை, சாலையைக் கடக்கும்போது கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தும் டீக்கடைக்காரர் என எந்த நகராட்சிக் கோப்பிலும் இல்லாத விவரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு வகுப்பில் வந்த தாள்களை எல்லாம் ஒரே பெரிய வரைபடத்தில் ஏற்றினால், பத்துப் பேர் சிவப்புப் புள்ளி வைத்த முனை எது என்பது பொறியாளருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

நார்வே நாட்டில் இதை ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்கள். பள்ளிக் குழந்தைகள் தாங்கள் நடக்கும் வழிகளையும் விளையாடும் இடங்களையும் கணினி வரைபடத்தில் குறிக்கிறார்கள். அந்தப் பதிவுகள் நகராட்சித் திட்டமிடுநர்களின் மேசைக்குச் செல்கின்றன. அடுத்த முறை நகராட்சி ஓவியப் போட்டிக்கு அழைத்தால், தலைப்பை மாற்றச் சொல்லுங்கள். வந்த ஓவியங்களை நகரமைப்பு அலுவலர் பார்த்துப் பதில் எழுதுவார் என்ற உறுதியையும் முன்கூட்டியே கேளுங்கள்.

*

கேள்வி: எங்கள் வார்டில் பூங்கா அமைக்கும்போது சிறுவர்களிடமும் கருத்துக் கேட்கச் சொல்கிறார்கள். அவர்கள் நீச்சல்குளம் கேட்பார்கள், ராட்டினம் கேட்பார்கள். கையில் இருக்கும் நிதியோ மிகக் குறைவு. வாக்குரிமையும் அனுபவமும் இல்லாதவர்களிடம் கேட்டு என்ன பயன்?
– நகர்மன்ற உறுப்பினர், தென்காசி மாவட்டம்

பதில்: ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று மட்டும் கேட்டால் நீச்சல்குளம் என்றுதான் பதில் வரும். பெரியவர்களிடம் அப்படிக் கேட்டாலும் மேம்பாலம் என்பார்கள். நிலத்தின் பரப்பளவு, கையில் உள்ள தொகை, ஒவ்வொரு பொருளின் தோராயமான விலை, பராமரிப்புச் செலவு ஆகியவற்றைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பேச்சின் தன்மையே மாறிவிடும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014-இல் இதைத் துணிந்து செய்து பார்த்தது. நகராட்சியின் மூலதன நிதியிலிருந்து 10 லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவது என்பதை 12 முதல் 25 வயது வரையிலான இளையோரே முன்மொழிந்து, அலுவலர்களுடன் அமர்ந்து மதிப்பீடு தயாரித்து, வாக்களித்து முடிவு செய்ய வைத்தார்கள். பூங்கா ஒன்றின் விளையாட்டிடத்தைச் சீரமைத்தல், நடைபாதை, பள்ளிகளுக்கு மடிக்கணினிகள், பூங்காவில் கண்காணிப்புக் கேமராக்கள் போன்றவை தேர்வாகின. சறுக்குப்பலகைத் திடல் வேண்டும் என்று கேட்டவர்கள் கூட, முதலில் அதற்கான சாத்தியக்கூற்று ஆய்வுக்குத்தான் நிதி கேட்டார்கள். வரம்பைச் சொன்னால் வரம்புக்குள் யோசிக்கக்கூடியவர்கள்தான் அவர்கள்.

அனுபவம் பற்றியும் சொல்ல வேண்டும். நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச், யுனெஸ்கோ ஆதரவுடன் 1970-களில் அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து ஆகிய நாடுகளில் பதின்பருவத்தின் தொடக்கத்தில் இருந்த சிறுவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். மெல்பர்ன் நகரின் மேற்குப் புறநகரில் புல்வெளிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அங்கிருந்த சிறுவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சலித்துக்கொண்டார்கள். அர்ஜென்டினாவின் சால்டா நகரில், அதைவிட வசதி குறைந்த லாஸ் ரோசாஸ் என்ற குடியிருப்பில் இருந்தவர்களோ தங்கள் பகுதியை மிகவும் நேசித்துப் பேசினார்கள். அங்கே மக்கள் கூடும் சதுக்கம் இருந்தது, தெரிந்த முகங்கள் இருந்தன, சுற்றித் திரியச் சுதந்திரம் இருந்தது. ஒரு தலைக்கு இத்தனை சதுர மீட்டர் பசுமை என்று மட்டும் கணக்கிடும் திட்டமிடுநரால் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. அங்கே வாழும் பிள்ளையால்தான் சொல்ல முடியும்.

இதே ஆய்வு 1990-களில் புதுப்பிக்கப்பட்டபோது பெங்களூருவின் சத்யநகர் என்ற எளிய குடியிருப்பும் அதில் இடம்பெற்றது. அதை நடத்தியவர்கள் பின்னர் எழுதிய கட்டுரையில், குழந்தைகளின் திறமைக் குறைவு ஒரு தடையாக இருக்கவில்லை என்றும், பெரியவர்களின் நிறுவனங்கள் வேலை செய்யும் விதமே பெரிய தடையாக இருந்தது என்றும் பதிவு செய்திருக்கிறார்கள். நம்முடைய அலுவலக நடைமுறையை அறிந்த எனக்கு அந்த வரியில் வியப்பு ஏதும் இல்லை.

வாக்குரிமை இல்லை என்பது உண்மைதான். ஆயினும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது. அதன் 12-ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்குத் தருகிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பை அந்தக் கருத்துக்கு அளிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. கேட்டதை எல்லாம் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் உங்கள்மீது இல்லை. கேட்டுவிட்டு, செய்ய முடியாததற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமைதான் உண்டு.

*

கேள்வி: எங்கள் பகுதியில் திறந்தவெளியாக உள்ள நிலத்தின் பயன்பாட்டை மாற்றப் போவதாக நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. அங்கேதான் நாங்கள் மாலையில் கைப்பந்து விளையாடுகிறோம். எனக்கு வயது 17. நான் ஆட்சேபணை தெரிவிக்க முடியுமா, அல்லது பெற்றோர்தான் எழுத வேண்டுமா?
– பிளஸ் டூ மாணவி, தாம்பரம்

பதில்: நீங்களே எழுதலாம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, திட்ட வரைவுகள்மீது ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்து மூலம் வரவேற்கிறது. அதற்கு வாக்காளர் அட்டை தேவையில்லை. முழுமைத் திட்டத்தின் வரைவாக இருந்தால் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. தனி நிலம் ஒன்றின் பயன்பாட்டு மாற்றத்துக்கு இதைவிடக் குறைந்த நாட்களே தருவார்கள் என்பதால், அறிவிப்பில் அச்சாகியிருக்கும் கடைசி நாளை முதலில் பாருங்கள்.

கடிதம் எழுதும்போது அறிவிப்பில் உள்ள எண், கிராமத்தின் பெயர், சர்வே எண் ஆகியவற்றை அப்படியே முதல் வரியில் எழுதுங்கள். இவை இல்லாத கடிதம் எந்தக் கோப்பில் சேர வேண்டும் என்று தெரியாமல் நின்றுவிடும். அடுத்து, ‘இந்த இடம் எங்களுக்கு வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த நேரத்தில் யார் அங்கே வருகிறார்கள், காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், மழைக்காலத்தில் சுற்றுவட்டாரத் தண்ணீர் அங்கே வந்து தேங்கி வடிகிறதா, அந்தத் திடல் போய்விட்டால் அடுத்த திறந்தவெளிக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எந்தப் பெரிய சாலையைக் கடக்க வேண்டும் என்பவற்றை ஒரு வாரம் கவனித்து, தேதியுடன் எழுதுங்கள். புகைப்படங்களை இணையுங்கள். நிலத்தில் ஒரு பகுதியையாவது திறந்தவெளியாக வைக்கலாம் என்ற மாற்று யோசனை இருந்தால், கையால் வரைந்த படமாக இருந்தாலும் சேர்த்து அனுப்புங்கள். தனித்தனிக் கடிதங்கள் பல போவது, ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்துப் போடுவதைவிட மேலானது என்பது என் கருத்து; ஒவ்வொருவரும் வேறு வேறு உண்மையைச் சொல்ல அதில் இடம் இருக்கிறது. நேரில் கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

நிலம் இப்போது எந்தப் பயன்பாட்டில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது, மாற்றம் கேட்டது யார் என்ற விவரங்கள் தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். அந்தச் சட்டம் குடிமக்கள் அனைவருக்கும் உரியது; பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும் என்று அதில் இல்லை. முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் கடைசி நாள் அதற்கு முன்பே வந்துவிட்டால், பதிலுக்குக் காத்திருக்காமல் ஆட்சேபணையை அனுப்பிவிடுங்கள்.

பகுதி சபை பற்றியும் ஒரு சொல். நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், உள்ளாட்சி தினத்தன்று, கூட்டங்கள் நடந்தன. பகுதி சபை என்பது ஒரு வார்டின் ஒரு பகுதியில் வாழும் வாக்காளர்கள் கூடும் அமைப்பு. ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துச்சென்று, உங்கள் கடிதத்தின் நகலை அங்கே அவர் மூலம் பதிவு செய்ய வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கென்றே ஒரு பகுதி சபை அமர்வு நடத்த வேண்டும் என்று விதி திருத்தப்படுவது, செலவே இல்லாத, மிகவும் தேவையான சீர்திருத்தம் என்று நான் கருதுகிறேன்.

*

கேள்வி: நகரத்தின் ஆற்றங்கரையிலிருந்து எங்களை இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். விளையாட இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் ஒருவர்கூட அங்கே போவதில்லை. கேட்டால், ‘யாரும் தடுக்கவில்லையே’ என்கிறார்கள். இதற்கும் வடிவமைப்புக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு தாய், பெரும்பாக்கம்

பதில்: மிகுந்த தொடர்பு உண்டு. வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது தங்களுடையதுதான்.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990-களின் நடுவில் இதே நிலையை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு பூங்காக்களில் சிறுமிகளின் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. சிறுவர்களின் எண்ணிக்கை அப்படிக் குறையவில்லை. அங்கும் யாரும் யாரையும் தடுக்கவில்லை. நடுவில் ஒரே திறந்த பரப்பாகத் திடல் இருந்தால், இடத்துக்காகப் போட்டியிட வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டியில் சிறுமிகள் விலகிக்கொள்கிறார்கள் என்பது புரிந்தது. 1999-இல் மார்கரேட்டன் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களைச் சோதனையாக மாற்றி அமைத்தார்கள். நடக்க நல்ல பாதைகள் போட்டார்கள், கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள், பெரிய திறந்த பரப்பைச் செடிகொடிகளாலும் மேடுபள்ளங்களாலும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரே குழு முழு இடத்தையும் பிடித்துக்கொள்ள வழியில்லாமல் போனதும், வெவ்வேறு குழுக்கள் ஒரே நேரத்தில் பூங்காவைப் பயன்படுத்தத் தொடங்கின. சிறுமிகளும் திரும்பி வந்தார்கள்.

பெரும்பாக்கத்துக்கு வியன்னாவின் வரைபடம் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எட்டு அடுக்குக் கட்டடங்களில், பல்வேறு பகுதிகளிலிருந்து வந்து ஒருவரையொருவர் அறியாத குடும்பங்கள் வாழும் இடத்தில், பெண்பிள்ளைகள் வீட்டுக்குள் இருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கும். படிக்கட்டில் விளக்கு எரியாதது, மின்தூக்கியில் தனியாகப் போக அஞ்சுவது, திடலுக்குச் செல்லும் வழியில் கூடி நிற்கும் ஆண்கள், அருகில் கழிப்பறை இல்லாதது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனப் பலவும் சேர்ந்திருக்கலாம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு, குழந்தையை இறக்கிவிட நிழலும் மணலும், அதன் அருகிலேயே தோழிகளுடன் உட்கார ஒரு திண்ணையும் இருந்தால்தான் அது அவளுக்கு உரிய இடமாகும். திடலின் அளவை மட்டும் கணக்கிட்டு வரைந்தவர் இதை யோசித்திருக்க மாட்டார்.

எனவே முதலில் பெண்பிள்ளைகளை மட்டும் தனியே கூட்டிப் பேச வேண்டும். ஆண்பிள்ளைகளும் பெற்றோரும் இருக்கும் கூட்டத்தில் அவர்கள் வாய் திறப்பது அரிது. நம்பிக்கைக்குரிய அக்கா ஒருவர், கல்லூரி மாணவியோ சுய உதவிக் குழு உறுப்பினரோ, அவர்களுடன் தங்கள் வீட்டு வாசலிலிருந்து திடல் வரை மாலை ஆறரை மணிக்கு ஒரு முறை நடந்து பார்க்கட்டும். எந்த இடத்தில் அவர்கள் நடை வேகமாகிறது, எங்கே பேச்சு நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளட்டும். பகலில் நடந்தால் இவற்றில் பாதி தெரியாது. அந்தக் குறிப்பைக் குடியிருப்பைப் பராமரிக்கும் வாரிய அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். விளக்கும் கழிப்பறையும் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். திடலைப் பிரிப்பது அடுத்ததாக இருக்கட்டும்.

*

கேள்வி: கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கு ஆங்கிலம் பேசும் கல்லூரி மாணவர்களே வருகிறார்கள். பனியன் நிறுவனங்களில் வேலை செய்யும் எங்களைப் போன்ற இளைஞர்களை யாரும் அழைப்பதில்லை. நாங்கள் எப்படிக் கலந்துகொள்வது?
– 22 வயது வாசகர், திருப்பூர்

பதில்: வேலை நாளில் முற்பகல் 11 மணிக்கு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் வைத்தால் உங்களால் வர முடியாது என்பது ஏற்பாடு செய்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில், தொழிலாளர் குடியிருப்பிலேயே, தமிழில், வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் இடங்களில் அவர்கள் மொழியிலும் கூட்டம் நடத்தும்படி மாநகராட்சி ஆணையருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால், மறுப்பது அவர்களுக்கு எளிதாக இராது.

வேலை செய்யும் இளையோரால் முடியாது என்று எவராவது சொன்னால், கர்நாடகத்தின் குந்தாப்புரா பகுதியைக் காட்டுங்கள். அங்கே உழைக்கும் சிறுவர்களே 1990-களில் தங்களுக்கெனச் சங்கம் அமைத்து, தன்னார்வ அமைப்பொன்றின் துணையோடு குழந்தைகள் பஞ்சாயத்துகளை உருவாக்கி, ஊராட்சியிடம் தங்கள் ஊரின் தேவைகளை எடுத்து வைத்தார்கள். அந்த அனுபவம் வளர்ந்து, ஊராட்சிகளில் குழந்தைகளுக்கென்று தனி கிராம சபை நடத்தும் வழக்கம் அந்த மாநிலத்தில் வேரூன்றியது. நகரங்களில் அதற்கு நிகரான ஏற்பாடு இன்னும் வரவில்லை என்பது ஒரு பெரிய குறை.

*

கேள்வி: நான் கட்டடக்கலை மாணவன். ஒரு சாலையை மறுவடிவமைக்கும் பயிற்சியில் பள்ளிச் சிறுவர்களை ஈடுபடுத்த விரும்புகிறேன். எந்த முறை சிறந்தது? கணினி விளையாட்டைப் பயன்படுத்தலாமா?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: பயன்படுத்தலாம். ஐ.நா. மனித வாழ்விட அமைப்பு, மைன்கிராஃப்ட் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துடன் இணைந்து 2012-இல் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பொது இடத்தின் உண்மையான அளவுகளைக் கொண்டு விளையாட்டுக்குள் ஒரு மாதிரியை உருவாக்கிக் கொடுத்தால், மக்கள் அதில் மரம் நட்டு, விளக்கு வைத்து, பாதை போட்டுக் காட்டுகிறார்கள். ஹனோய் நகரின் கிம் சுங் பகுதியில் பள்ளி மாணவிகள், தாங்கள் பள்ளி செல்லும் வழியை எப்படிப் பாதுகாப்பாக்கலாம் என்பதை இந்த முறையில் வடிவமைத்தார்கள். தொழில்முறை வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் இதில் தயக்கமின்றிக் கைவைக்கிறார்கள் என்பது இதன் பெரிய நன்மை.

ஆனால் கணினியிலிருந்து தொடங்காதீர்கள். முதல் நாள் சாலையில் நடங்கள். மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் ஒரு குச்சியை வெட்டி எடுத்துச்சென்று, அதன் நுனியில் கைப்பேசியை வைத்து, நடைபாதை நெடுகிலும் படம் எடுக்கச் சொல்லுங்கள். நிறுத்தியிருக்கும் வண்டிகளின் பின்பக்கமும், புகைக்குழாய்களும், மின்பெட்டியின் திறந்த கதவும் மட்டுமே படத்தில் வரும். எதிரே வரும் பேருந்து தெரியாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறுவதற்காகப் போட்ட சரிவால் நடைபாதை அறுபட்டு அறுபட்டுப் போவதையும், அதனால் பிள்ளைகள் சாலையில் இறங்கியே நடப்பதையும் உங்கள் அளவைக் கருவியைவிட அந்தப் படங்கள் தெளிவாகக் காட்டும்.

குழு ஆறேழு பேருக்கு மேல் போக வேண்டாம். ஆசிரியரை அறைக்கு வெளியே இருக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இருந்தால் சரியான விடையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். யோசனை தயாரானதும், சுண்ணாம்புப் பொடியும் தடுப்புக் கூம்புகளும் தொட்டிச் செடிகளும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், போக்குவரத்துக் காவல்துறையின் அனுமதியோடு, சாலையில் அதைச் செய்து பாருங்கள். சென்னையில் 2019-இல் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்துக்கு முன்பும் தற்காலிகத் தடுப்புகள் வைத்துச் சோதனை நடந்தது. கான்கிரீட் போட்ட பிறகு கருத்துக் கேட்பதில் யாருக்கும் பயன் இல்லை.

மற்றொன்றும் சொல்கிறேன். மாலையில் பள்ளி விட்டதும் பேருந்துப் படிக்கட்டில் தொங்கிச் செல்லும் மாணவர்களை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கிறோம். அந்த வழித்தடத்தில் நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே எத்தனை பேருந்துகள் வருகின்றன, எத்தனை பள்ளிகள் ஒரே நேரத்தில் விடுகின்றன, நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று அந்த மாணவர்களையே கணக்கெடுக்கச் சொன்னால், அது போக்குவரத்துத் திட்டமிடலின் பிரச்சினையாகத் தெரியவரும். உங்கள் பயிற்சிக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

*

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் இப்படி ஒரு பட்டறையில் மிகுந்த ஆர்வத்தோடு கலந்துகொண்டான். சான்றிதழும் கொடுத்தார்கள். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. பிறகு அந்த இடத்தில் வந்தது, பிள்ளைகள் சொன்னவற்றில் எதுவும் இல்லாத வாகன நிறுத்துமிடம். இப்போது அழைத்தால் வர மறுக்கிறான். அவனை எப்படிச் சமாதானப்படுத்துவது?
– ஒரு தந்தை, திருச்சிராப்பள்ளி

பதில்: சமாதானப்படுத்த வேண்டாம். தங்கள் மகனின் கோபம் நியாயமானது. ஏமாற்றம் தரும் பங்கேற்பு, பங்கேற்பே இல்லாத நிலையைவிடக் கெடுதலானது. நகராட்சி என்றாலே பேச்சோடு சரி என்ற எண்ணத்தை அது பதினான்கு வயதிலேயே பதித்துவிடுகிறது.

இது நல்ல மனம் உள்ள அலுவலர் ஒருவர் வந்தால் சரியாகும் விஷயம் அன்று. அதனால்தான் சில நாடுகள் இதைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கின்றன. நார்வேயில் 1989 முதல், ஒவ்வொரு நகராட்சியும் திட்டமிடலில் குழந்தைகளின் நலனைக் கவனிக்கத் தனி ஏற்பாடு செய்தாக வேண்டும். குழந்தைகள் விளையாடும் நிலம் வேறு பயன்பாட்டுக்கு எடுக்கப்பட்டால் அதற்கு ஈடான வேறு இடம் தர வேண்டும். பின்லாந்தின் 2015 உள்ளாட்சிச் சட்டம், நகராட்சிகள் இளையோர் மன்றம் அமைப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த மன்றத்தின் கருத்தை ஏற்காமல் போகலாம். கேட்காமல் இருக்க முடியாது.

நம்மிடம் அத்தகைய சட்டம் வரும் வரை, அழைப்பவர்களிடம் முன்கூட்டியே சில உறுதிகளை எழுத்தில் வாங்குவதுதான் வழி. எந்த முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை, அதை யார் எடுப்பார், எந்தத் தேதியில் எடுப்பார் என்று கேளுங்கள். ‘எல்லாமே திறந்த மனத்தோடு பரிசீலிக்கப்படும்’ என்ற பதில் வந்தால், எல்லாமே முடிந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள். நிலத்தின் எல்லையும் மொத்தத் தொகையும் முடிவாகிவிட்டன, உள்ளே எது எங்கே வரும் என்பது மட்டும் முடிவாகவில்லை என்று நேர்மையாகச் சொல்பவரை நம்பலாம். குறைந்த அளவே திறந்திருந்தாலும், அது உண்மையிலேயே திறந்திருக்கிறது.

நகராட்சிகளில் பணிபுரிவோர் எவரேனும் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பட்டறை முடிந்த அறுபது நாட்களுக்குள், ஒரே ஒரு தாளில், மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையைத் தயாரியுங்கள்: பிள்ளைகள் சொன்னது, நகராட்சி எடுத்த முடிவு, அதற்கான காரணம். ‘நிதி இல்லை’, ‘நிலம் வேறு துறைக்குச் சொந்தம்’, ‘அந்த இடத்தில் அடியில் குடிநீர்க் குழாய் செல்கிறது’ என்ற காரணங்கள் எல்லாம் பிள்ளைகளுக்குப் புரியக்கூடியவையே. அந்தத் தாளைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பதினைந்து நிமிடம் ஒதுக்கி, ஒரு பொறியாளர் நேரில் வந்து விளக்கட்டும்.

தங்கள் மகன் விரும்பினால், பழைய பட்டறையை நடத்திய அலுவலகத்துக்கு அவனே ஒரு கடிதம் எழுதட்டும். நாங்கள் சொன்னவை எந்தக் கோப்பில் இருக்கின்றன, அவை மீது என்ன முடிவு எடுக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகள் போதும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவன் பெயரிலேயே அனுப்பலாம். தாம்பரம் மாணவிக்குச் சொன்ன கட்டணமும் கால வரம்பும்தான் இதற்கும். வந்த பதிலை எனக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த இதழ்களில் அதைப் பற்றி எழுதுகிறேன்.